கம்பி தாழ்ந்தே கிடந்தது

சம்மாந்துறை, அரிசி ஆலை, இரவு பதினொன்றே கால்.
உலர்த்தியின் திரை இந்தக் கிழமை மூன்றாம் தடவை செவிடாகிவிட்டது.
எண்கள் ஓடுகின்றன: ஈரப்பதம் பதினேழு, சூடு நாற்பத்திரண்டு.
தொட்டால் மட்டும் ஒன்றுமில்லை.

"தவிடு புகுந்திட்டு மிஸ்" என்றான் பௌமி,
சாரன் நுனியால் கண்ணாடியைத் துடைத்தபடி.
முதலாளி மழையைக் குற்றஞ்சொன்னார்.
நான் என் நிரலைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகித்தேன்.

ஒழுங்காய்த்தான் எழுதியிருந்தேன்.
விரல் பட்டதும் டச் கன்ட்ரோலர்
ஒற்றைக் கம்பியைக் கீழே இழுக்கும்.
அந்தச் சரிவுதான் இன்டரப்ட்.
செய்வதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வா,
ஒரு கொடியை நட்டுவிட்டுத் திரும்பிப் போ,
எங்கே தொட்டார்கள் என்று பிறகு ஆறுதலாய்க் கேட்கலாம்,
வாசலில் நின்று கதை அளக்கக் கூடாது.
அதுவரைக்கும் சரி.

ஓசிலோஸ்கோப்பின் முனையைக் கம்பியில் கொளுவினேன்.
பச்சைக் கோடு
சூடடித்து முடிந்த வட்டை போல மட்டமாய்,
தரையோடு தரையாய்.

மறுகாதான் பிடிபட்டது.

கரண்ட் போய் வருகிற ஒவ்வொரு தடவையும்
பௌமி பொறுக்கமாட்டான்.
திரை வெளிச்சமாகு முன்பே கட்டைவிரலை வைத்துவிடுவான்.
கம்பி அப்போதே தாழ்ந்துவிடும்.
நான் காது திறப்பது இரண்டு விநாடி கழித்து.
விழும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன்
ஏற்கெனவே விழுந்து கிடப்பதன் பக்கத்திலேயே.
யாராவது வந்து வாசிக்கும்வரை
கன்ட்ரோலர் கம்பியை விடாது.
நான் வாசிக்க வேண்டுமென்றால் அது விழ வேண்டும்.
இப்படியே இருவரும், விடியும் மட்டும்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன்:
காது திறந்ததும்
கம்பி எப்படி இருக்கிறதென்று ஒரு தரம் பார்.

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால்
பின்னால் பௌமி,
கையில் ஓர் எறும்பு மிதக்கிற பிளேன்டி.
"எப்ப வந்தாய்?"
"அப்பயே வந்திட்டன்."
"கூப்பிட்டிருக்கலாமே?"
"வேல செய்றீங்க எண்டு நிண்டன்."

எறும்பை விரலால் எடுத்துவிட்டுக் குடித்தேன்.
ஆறிப்போய்விட்டது. சீனியும் கூட.

மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டோம்.
திரை இன்னும் கறுப்பாய் இருக்கும்போதே
நான் சொல்லாமலே வைத்துவிட்டான்
தவிடு ஒட்டிய, நகம் பிளந்த கட்டைவிரலை.

ஒன்று.
இரண்டு.

எத்தனை மூடை, என்று
திரை அவனைக் கேட்டது.