லாட் 63

ஏலக்காரர் ட்வேய்ன் ரூஸ்டாடுக்கு
மூச்சு விட நேரமில்லை.
அவர் கத்துவதைக் கட்டத்தில் அடைப்பது என் வேலை:
பொருள், ஆள் எண், தொகை.
இருபத்தாறு வருடமாக மூன்றே கட்டம்.

அக்டோபர் காற்று
வட டகோட்டாவை இன்னும் கொஞ்சம் தட்டையாக்குகிறது.
இரண்டு வைக்கோல் வண்டிகளின் மேல்
ஆரின் கெல்ஸ்டாடின் வீடு, கூரையில்லாமல்:
பன்றி முகப் பிஸ்கட் ஜாடி,
பச்சைக் கண்ணாடிக் கோப்பை பதினொன்று
(பன்னிரண்டாவது எங்கே? கேட்காத ஆளில்லை),
உப்பு மிளகுக் குப்பிப் பொம்மைகள் நூற்றுப்பன்னிரண்டு ஜோடி,
கோழிக்குச் சேவல், முயலுக்குக் கேரட்,
ஒரு டச்சுக்காரிக்கு மட்டும் துணையில்லை.
மொத்தமும் நாற்பது டாலர்.
தூசு தட்டிய கைக்கு மணிக்கு எவ்வளவு என்று
மனக்கணக்குப் போட்டேன்.
எழுதக் கட்டமில்லை.

கூட்டம் வந்தது கொட்டகைக்கு.
விதைக் கம்பெனித் தொப்பிகள்
மண்டியிட்டு, டார்ச் அடித்து
எஞ்சின் எண்ணைப் படிக்கின்றன,
ஞாயிற்றுக்கிழமை காட்டாத பக்தியோடு.
1947 இந்தியன் சீஃப். சிவப்பு.
முன் மட்கார்டு மேல் கண்ணாடித் தலை ஒன்று
எல்லோரையும் தாண்டி எதையோ முறைக்கிறது.
தொலைபேசியில் மினியாபொலிஸ் ஒருபக்கம்,
எண் 19 ஒருபக்கம்.
தொப்பி நுனியைத் தொட்டால் ஐந்நூறு ஏறும்.
ஒருதரம்,
ரெண்டுதரம்,
எண் 19 திரும்பி மனைவியைப் பார்த்தான்,
மூணுதரம்.
இருபத்தோராயிரம். மினியாபொலிஸ்.
அந்த மனைவி விட்ட மூச்சு
மைக்கில் கேட்டது.

டெல்ஃபின் கெல்ஸ்டாட்
காலை எட்டிலிருந்து காருக்குள் இருந்தாள்,
ஹீட்டரைப் போட்டுக்கொண்டு,
கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி.

லாட் 63: பி.எஸ்.ஏ., 1961, பிரித்தது,
நான்கு பால் கிரேட்டுகளில்.
1981 வசந்தத்தில் ஆரின் கழற்றினான்.
"வர்ற வாரம் பூட்டிடுவேன்" என்றான்,
நாற்பத்திரண்டு வருடம்.
கிராங்க் இல்லை. டேங்கில் எலி குடித்தனம் நடத்திய தடயம்.
நூறிலேயே முக்கிக்கொண்டிருந்தது விலை.

அப்போதுதான் கார்க் கதவு.
நேரே என் மேசைக்கு வந்து எண் கேட்டாள்.
"உங்க பொருள்தானே?"
"எண்ணைக் குடு."

எண் 88.
வெறுங்கையோடு வீடு போவதில்லை என்றிருந்தான் 19.
இருநூறு. இருநூற்றைம்பது. முந்நூறு.
அவள் அட்டையை இறக்கவே இல்லை,
அடைமழையில் குடை பிடித்தவள் போல.
முந்நூற்று நாற்பதில் அடங்கியது.
அவள் காசு அவளுக்கே திரும்பும்,
எங்கள் பத்து சதவீதம் போக.

மூன்றாவது கிரேட்டில் முழங்கை வரை விட்டாள் கையை.
செயின், ஸ்பிரிங், கல்லான கிரீஸ்.
அடியிலிருந்து உருவி எடுத்தாள்
மாவு சலிக்கும் சல்லடை.
போல்ட்டு அலசக் கொண்டுபோயிருக்கிறான்.
வலையில் இன்னும் மூன்று வாஷர்.

சர்ச் பெண்கள் ஆப்பிள் பை விற்கும் மேசையில்
இங்கா டொர்விக்.
இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பாதவள் என்று
1981இல் பெயரெடுத்தவள்.
அதற்குப் பிறகு ஒரே சர்ச்சில்
ஒருத்தி இடது வரிசை, ஒருத்தி வலது.
டெல்ஃபின் நடந்து போய்
காப்பி ஃபிளாஸ்குக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
இங்கா தூக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து,
"ஓரத்துல கம்பி அறுந்திருக்கே" என்றாள்.
"அப்பவே அறுந்துதான் இருந்தது."
ஒரு துண்டு வெட்டித் தள்ளினாள் இங்கா,
காசு வேண்டாமென்று கையாட்டினாள்.
டெல்ஃபின் உண்டியலில் இரண்டு டாலர் போட்டாள்.
தின்றாள், நின்றபடியே, முழுவதும்.

மேசைக்குத் திரும்பிக்
கிரேட்டெல்லாம் என்ன செய்ய என்றேன்.
"அந்தத் தொப்பிக்காரனுக்குக் குடு."

பொருள் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்தேன்.
சல்லடை, ஒன்று. எண் 88. 340.
ட்வேய்ன் அதற்குள் ஏணியை விற்றுக்கொண்டிருந்தார்.

வெளியே பிக்கப்பில் நான்கு கிரேட்டையும் ஏற்றிக்கொண்டே
19 தன் மனைவிக்கு எதையோ விளக்கினான்.
காற்றில் பாதிதான் வந்தது:
வர்ற வாரம்.