பெயர் கழற்றும் காலை

மினசோட்டாவில் பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி.
கிரேன்காரன் முதல் எழுத்தை இழுக்கிறான்.
வரவில்லை.
இருபத்தாறு குளிர்காலம் துருவேறிய போல்ட்.

வர்னா பெல்லாஞ்சர் காரைவிட்டு இறங்கவில்லை.
ஹீட்டர் ஓடுகிறது. பின்சீட்டில் அட்டைப் பலகை;
மழை கரைத்ததை மறுபடி எழுதி எழுதி,
கடைசியாக எழுதியது மகள், ஒரு பிழையோடு.

பதினான்கு சீசன் அந்த வாசலில் நின்றவள்.
டிக்கெட் கிழிப்பவனின் பெண் எந்த வகுப்பு என்று தெரியும்.
தன் மேல் பியர் ஊற்றியவனின் சட்டை எண் தெரியும்.
"உங்களைப் பெருமைப்படுத்தத்தானே இந்தப் பேர்" என்று
தலையில் கோழியிறகு செருகிக்கொண்டு சொன்னவர்
பல் டாக்டர்.
ஊரில் வேறு பல் டாக்டர் இல்லை.

முதலாளி ஹோய்ட் டிவியில் சொன்னார்:
"நான் உயிரோடு இருக்கும்வரை மாறாது."
இருக்கிறார்.
தொண்டை கிழியக் கத்தியபோது கேட்காத காதுக்கு
வங்கி அனுப்பிய நாலு வரிக் கடிதம்
கேட்டுவிட்டது.

ஜெயித்துவிட்டீர்களா, என்கிறாள் ரேடியோக்காரி.
வர்னா கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்குகிறாள்.
"வைக்கும்போதும் எங்களைக் கேட்கவில்லை.
எடுக்கும்போதும் கேட்கவில்லை.
எழுதிக்கொள்."

நாலாவது எழுத்து பனியில் மல்லாந்து கிடக்கிறது,
வயிற்றுக்குள் ஒரு குருவிக்கூடு.
மேலே சுவரில்
எழுத்து மறைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாமல்
பளிச்சென்று, பேர் இன்னும் வாசிக்கக் கிடைக்கிறது.
இந்தக் குளிரில் பெயின்ட் காயாதாம்.
ஏப்ரலில் வருவார்களாம்.

அவள் கியர் மாற்றுகிறாள்.
பதினொரு மணிக்குக் கடைவாய்ப் பல்.