எதிரியின் தகப்பன் பெயர்

மே மாதம். ஊட்டியில் மழையும் மலர்க் கண்காட்சியும்.
பிங்கர்போஸ்ட் கோர்ட்டில் மனு வாங்கும் குமாஸ்தா நான்.
கூடலூர் வண்டி ஒன்றரை மணி தாமதம் என்று
தன் தப்புப் போலச் சொல்லிக்கொண்டு வந்தாள்
டான்டீ நாலாம் டிவிஷன் பேச்சியக்காள்.
விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை.

அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய மனு.
எதிரி: மேதகு ஆளுநர்.
தகப்பன் பெயர்: தெரியவில்லை.
முகவரி: கோடைக்குப் பூங்காவுக்கு மேலே மாளிகை,
மற்ற நாளில் சென்னை.
குற்றம்: கையெழுத்துப் போடாதது.

மகன் நல்லையா, கோவை மத்தியச் சிறை.
விடலாம் என்று மந்திரிகள் எழுதிய கோப்பு
பதினாறு மாதம் மேசையில் இருந்தது.
பதினேழாம் மாதம் மஞ்சள் காமாலை.

"செய்ததைக் குற்றம் என்பார்கள்.
செய்யாதது எப்படிம்மா?"
"பிள்ளைக்குச் சோறு போடாட்டி
என்னைய பிடிப்பீங்கள்ல?"

சட்டப் புத்தகத்தை எடுத்தேன்.
முந்நூற்று அறுபத்தொன்று.
பதவிக்காலத்தில் எந்தக் குற்ற நடவடிக்கையும்
தொடங்கவும் கூடாது, தொடரவும் கூடாது.
இரண்டு தரம் வாசித்தேன், இரண்டாம் தரம் எனக்காக.

"பதவி முடிஞ்சா?"
முடிந்தபின், செய்தது ஆளா நாற்காலியா என்று
பெரிய கோர்ட்டுகளில் வருஷக்கணக்கில் பேசுவார்கள் என்றேன்.
"அதுவும் மேசையில கிடக்குமா?"

எதிரியை நேரில் பார்த்ததுண்டா?
எல்லோரிடமும் கேட்பது, வாய் தவறி வந்துவிட்டது.
"இன்னைக்குத்தான். பைக்காராவுல
எங்க வண்டிய ஓரங்கட்டிட்டாங்க.
பதினோரு காரு.
கண்ணாடி ஏத்தியிருந்துச்சு."

ஏற்கத்தக்கதல்ல, திருப்பப்படுகிறது
என்று ஓரத்தில் எழுதினேன். அலுவல் நிமித்தம்.
இதற்காக என்மேல் யாரும் வழக்குப் போட முடியாது
என்றுதான் நினைக்கிறேன்.

"வந்த தேதியாவது குத்திக் குடுங்க."
முத்திரையில் நேற்றுத் தேதி நின்றிருந்தது.
திருகினேன். குளிரில் மை இறுகிக் கிடந்தது.
வாயால் ஊதி ஊதி
மூன்றாம் தரம் விழுந்தது.

திருப்பி வாங்கியதற்குப் பதிவேட்டில்
கையெழுத்து வேண்டும் என்றேன்.
எழுத வராது.
இடது பெருவிரலை மைத்தட்டில் ஒற்றி
கட்டத்துக்குள் பதமாக உருட்டி எடுத்தாள்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை.