வெள்ளையாய்த் தேய்த்த கல்

முதுநகர் இரும்புக்கடையில்
குனிந்து, விளிம்பை நகத்தால் சுண்டினேன்.
முதல் கல் வாயே திறக்கவில்லை.
இரண்டாவது தொண்டை கட்டியவன்போல் இழுத்தது,
எங்கோ விரிசல்.
மூன்றாவது கணீரென்றது.

தரையில் வைத்துத் தட்டினேன், ஆடவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் ஊசிக்கண் ஓட்டை தேடினேன், இல்லை.
காது ஒட்டவைத்ததா, கூடவே வார்த்ததா என்று
இழுத்துப் பார்த்தேன்.
"மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கறீங்களே"
என்றார் கடைக்காரர் ஜைனுலாபுதீன்.
அதை இவ்வளவு பார்க்கவில்லை, பாய்.

இரண்டு கிலோ நானூறு.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
தேவனாம்பட்டினம் வந்தபோது தொடை மரத்திருந்தது.

அதற்கு முன்னால் மூன்று நான்-ஸ்டிக்.
ஒன்று பதினோரு மாதம்,
ஒன்று தீபாவளி வரைக்கும்,
மூன்றாவதன் பூச்சு நெத்திலியோடு நெத்திலியாய்
எங்கள் வயிற்றுக்குள் போனது.
"எந்தப் பூச்சும் ஒருநாள் உரியும்"
என்றார் சந்தானகிருஷ்ணன்.
சிப்காட்டில் பெயிண்ட் கலக்குகிறவர்,
அவருக்குத் தெரியாதா.

வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊறப்போட்டேன்.
நல்லெண்ணெய், பாதி வெங்காயம், சிறுதீ.
முதல் தோசை காக்கைக்கு.
இரண்டாவதைச் சுரண்டியெடுத்தேன்.
பதினேழாவது
தானாக விளிம்பு தூக்கி எழுந்தது.

பிறகு ஒன்பது வருஷம்.
சோப்பு கிடையாது. புளிக்குழம்பு கிடையாது.
மீனுக்கு வேறு சட்டி.
கடல் ஐந்து நிமிஷ நடை,
காற்றிலேயே உப்பு இருக்கிறது.
ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால்
விடியும்போது டீத்தூள் சிந்தினாற்போல் துரு.
கழுவினால் அடுப்பில் காயவைக்கணும்,
அவருடைய கிழிந்த பனியனில்
எண்ணெய் தொட்டுத் துடைக்கணும்,
தொட்டது தெரியாத அளவுக்கு.
ஒரு புயலில் வீட்டுப் பத்திரத்துக்கு முன்னால்
கல்லைத்தான் பரணில் ஏற்றினேன்.

போன மாசி மாதம்
கர்ப்பப்பையை எடுத்தார்கள்.
ஆறு நாள் அரசு ஆஸ்பத்திரி.
வீடு திரும்பினேன்,
வாசல்வரை பினாயில் வாசம்.
கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போனார்,
பரீட்சை மார்க்கு காட்டப்போகிற பையன் முகம்.

மேடைமேல் கல்.
வெள்ளி.

"பாரேன், ஒன்பது வருஷ அழுக்கு!"
கம்பெனி உப்புத்தாள்,
இரண்டு சாயங்காலம்.
விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

கத்தினால் தையல் இழுக்கும்.
கத்தவில்லை.
உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன்.
யாரையும் தெரியாதது போலக்
குளிர்ந்து கிடந்தது.
"அது அழுக்கில்லை."
"பின்னே?"
எத்தனை காலை, எத்தனை கரண்டி,
எதைச் சொல்ல.
"எண்ணெய்" என்றேன்.

இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது,
டாக்டரம்மா கண்டிப்பு.
நானூறு கிராம் என்னைத் தோற்கடித்தது.
ஆகவே அவர்.
நான் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல
கஞ்சியில் ஊறவைத்தார், துடைத்தார்,
எண்ணெயைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஊற்றினார்.
"மெல்லிசா" என்றேன்.
"இதுதான் மெல்லிசு" என்றார்.
கல் பிசுபிசுவென்று ஈயைப் பிடித்தது.
மறுபடி தேய். மறுபடி காயவை.
"இன்னும் மெல்லிசா."
புகை கிளம்பி
எதிர்வீட்டுக் கனகவல்லி
வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

பதினோராம் நாள் பழுப்பு.
இருபதில் கருக்கத் தொடங்கியது.
ஷிப்டுக்குப் போகுமுன்
கேட்காமலே பனியனை எடுக்கிறார்.
அது கிழியாத பனியன் என்பதை
நான் சொல்லவில்லை.

நடுவில் மட்டும்
எட்டணாக் காசளவுக்கு ஒரு வெளுப்பு,
உப்புத்தாள் ஆழமாய் இறங்கிய இடம்.
என்ன தடவினாலும் கருக்கவில்லை.
ஈடுக்கு ஒரு தோசை அங்கே பிடித்துக்கொள்கிறது,
நடுவில் ஓட்டையோடு வருகிறது.

அதை அவர் தட்டில் போடுகிறேன்.
ஓட்டை வழியாக ஒருமுறை
என்னைப் பார்த்துவிட்டுச்
சாப்பிடுகிறார்.