நுரையோடு பத்து நிமிடம்

செவ்வாயும் வெள்ளியும் குளியல்.
மருந்து நுரை தோலில் பத்து நிமிடம் நிற்க வேண்டும்,
ஒன்பது போதாது என்றார்
காஸ்த்ரோவிலிருந்து படகேறி வரும் கால்நடை டாக்டர்.
"தீராது. அடங்கும்" என்றும் சொன்னார்.
ரசீதை மடித்தபடி கேட்டேன், எவ்வளவு நாளைக்கு என்று.
அதற்கு நாள் உள்ளவரைக்கும் என்றார்.

தொர்னியோ என்றால் எங்கள் பேச்சில் திருகாணி.
குட்டியில் வால் அப்படி.
இப்போது பதின்மூன்று வயது, வாலில் பாதி முடி இல்லை.
அடிவயிறு கறுத்துத் தடித்து
பழைய டயர்போல் மடிப்பு விழுந்திருக்கிறது.
காதுக்குள் காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு.
உடம்பெல்லாம் புளித்த மாவின் வாடை.
அக்கா எதெல்மீரா வந்ததும் ஜன்னலைத் திறக்கிறாள்,
மழை வந்தாலும் பரவாயில்லை என்கிறாள்.
இந்தத் தீவில் மழை வராத ஜன்னல் எது.

தொட்டிக்குள் தூக்கிவைக்க என் இடுப்பு இடம் கொடுக்காது.
அதனால் நோல்பெர்த்தோ வருகிறான்.
பிரிந்து ஆறு வருடம்.
படகு அவனுக்கு, வீடு எனக்கு என்று எழுதிய தாளில்
நாயின் பெயர் விட்டுப்போயிற்று.

நக்கிவிடாமல் அவன் தலையைப் பிடித்துக்கொள்வான்.
நான் முடிக்கு எதிர்த்திசையில் தேய்ப்பேன்,
விரலிடுக்கு, தாடை மடிப்பு, வாலடி.
பிறகு சமையலறைக் கடிகாரத்தை ஜன்னல் விளிம்பில் வைத்து
மூன்று பேரும் காத்திருப்போம்.

முதல் மாதம் முழுக்க சால்மன் விலை பேசினோம்.
அடுத்த மாதம் அவன் தங்கையின் சிறுநீரகக் கல்.
ஒரு வெள்ளிக்கிழமை எதுவும் மிச்சமில்லை.
நுரை உடைவது கேட்டது,
ஆயிரம் சின்ன உதடுகள் பிரிகிற மாதிரி.

குதிரைக்கறி, உருளைக்கிழங்கு.
எட்டு வாரம் வேறெதுவும் ஆகாது.
ஐந்தாம் வாரம் அரிப்பு குறைந்தது.
ஆறாம் வாரம் விடிய விடிய
பின்காலால் தரையை அடித்துக்கொண்டே இருந்தது.
பலகை வீடு, அடுப்புக் குழாய் வரை அதிர்ந்தது.
தரை துடைக்கும் சோப்பை மாற்றினேன்.
கம்பளியை அண்டாவில் போட்டு அவித்தேன்.
என் தட்டிலிருந்து என்ன சிந்துகிறது என்று
குனிந்து குனிந்து பார்த்துச் சாப்பிட்டேன்.

செவ்வாயன்று அவன் மேல்சட்டையைக் கொக்கியில் மாட்டினான்.
தொர்னியோ எழுந்து போய்
இடப்பக்கப் பையில் மூக்கை வைத்து நின்றது,
பேருந்து நேரம் தெரிந்தவர் நிற்பதுபோல.
கைவிட்டுப் பார்த்தேன். எண்ணெய்த் தாளில்
புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி, அளவாக நறுக்கி.
"அது பார்க்கிற பார்வைக்கு
இல்லையென்று சொல்ல எனக்கு வரவில்லை" என்றான்.
எனக்குச் சொல்லும்போது மட்டும் வந்ததே.
அன்றைக்குப் பத்து நிமிடமும் நான்தான் பேசினேன்.
அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான், நாயினுடையதை.

நாட்காட்டியில் மறுபடி முதல் வாரம் என்று எழுதினேன்.

இடையில் மாத்திரைகள்.
மாத்திரையால் தாகம், தாகத்தால் ராத்திரி மூன்று தடவை வாசல்,
ஒவ்வொரு தடவையும் ஈரமாகத் திரும்பி வரும் நாய்,
ஈரமே ஆகாத நாய்.
முடி உலர்த்தும் கருவியோடு அடுப்பெதிரே உட்கார்ந்து
அதன் அக்குளைக் காயவைப்பேன்.
என் தலைக்கு நான் அவ்வளவு நேரம் காட்டியதில்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி விழித்துக்கொண்டேன்.
என்ன எழுப்பியது என்று புரியவில்லை.
மழை பெய்கிறது. கூரைத் தகடு பேசுகிறது.
கால் அடிக்கும் சத்தம் இல்லை.
டாக்டர் சொன்ன அந்தச் சொல்
இருட்டில் இன்னொரு அர்த்தத்தோடு வந்து நின்றது.
அடங்கும்.
தரையில் இறங்கித் தடவித் தேடினேன்.
விலா ஏறியது. நேரமெடுத்து இறங்கியது.
காது சூடு இல்லை. பாதம் உலர்ந்திருந்தது.

மணி மூன்றரை. போன் ஒரே அடிப்பில் எடுத்தான்.
"போய்விட்டதா?"
"இல்லை. தூங்குகிறது. சொறியவில்லை."
போனை அதன் மூக்கருகே வைத்தேன்.
அந்தப் பக்கம் அவனும் மூச்சுவிடாமல் கேட்டான்.

"நாளைக்குச் செவ்வாய்" என்றான் கொஞ்சம் கழித்து.
"துண்டு எடுத்துக்கொண்டு வா" என்றேன்,
"இங்கே ஒன்றும் காயவில்லை."