தாவளம்

எடைமேடைக்கு மேல்மாடியில் என் மேசை.
கீழே லாரி ஏறினால்
திரையும் தேநீரும் ஒருசேர நடுங்கும்.
வேலந்தாவளம் சந்தைக்கு எடை போடும் மென்பொருளை
அக்பர்தீன் எழுதுகிறார், கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு.
பொட்டலம் கட்டுவது நான்.

அதற்குள் ஒரு குட்டி நூலகம். பெயர் கழிவு.
புத்தக நூலகம் அல்ல,
நிரல் கூப்பிட்டால் ஓடிவரும் கணக்குக் கட்டு.
உலர்ந்த சாக்குக்கு எண்ணூறு கிராம்,
நனைந்ததற்கு ஒரு கிலோ நூறு,
சேனையில் ஒட்டிய மண்ணுக்கு நூற்றுக்கு இரண்டு.
சந்தை கத்திக் கத்தி,
ஒருநாள் கடையடைத்து,
பிறகு டீ குடித்து ஒப்புக்கொண்ட எண்கள்.
அடுத்த ஊருக்குப் பொருந்தாது.

முதல் தடவை அதைப் பொதுவிடத்தில் வைத்தேன்.
அச்சுக்கு ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என
எல்லா நூலகமும் தோளுரசி நிற்கும் அடைவு.
கட்டும் கருவி தானாகவே நெற்றியில் எழுதியது:
என்னிடம் கழிவு உண்டு, வேண்டுவோர் வரலாம்.
அழிக்கவில்லை.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வந்தார்கள்.
கோபாலபுரத்தில் ஒரு கொப்பரைக் களம்.
சொல்லாமல் வந்தார்கள், சொல்ல வேண்டியதும் இல்லை,
நெற்றியில்தான் எழுதியிருந்ததே.

இடவப்பாதி இறங்கியது.
மழை தீரும்வரை எல்லாச் சாக்கும் நனைந்த சாக்கே என்று
சந்தை முடிவெடுத்தது.
ஓர் எண்ணை மாற்றி அனுப்பினேன்.
நாலாம் நாள் பிரசீதா போனில்,
மலையாளத்தில் தொடங்கித் தமிழில் திட்டினாள்:
"கொப்பரைக்கு ஏதும்மா ஈரச் சாக்கு?"
நூற்று முப்பத்தொன்பது சாக்கு.
நாற்பத்தொரு கிலோ எழுநூறு
யார் யார் தோப்பிலிருந்தோ
என் விசைப்பலகை வழியாக வழிந்து போயிருந்தது.

ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது தாவளம்.
தங்குமிடம்.
மூன்று மாதமாய் அதைத் தட்டச்சிட்டவள்
ஒருமுறையும் வாசிக்கவில்லை.

அன்றிரவு கழிவைப் பொதுவிலிருந்து எடுத்து
எடையின் அடைவுக்குள் ஓர் உள்ளறையில் விட்டேன்.
நெற்றியையும் துடைத்தேன்.
தருவது பட்டியலில் கழிவு இல்லை.
கேட்பது பட்டியலிலும் இல்லை,
வீட்டில் இருப்பதை வெளியே கேட்பானேன்?
என் கணினியில் ஓடிற்று.
அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

காலை நாலு நாற்பது.
மேடையில் கத்தரிக்காய் லாரி, பின்னால் ஏழு.
திரையில் ஒரே வரி:
கழிவைத் திறக்க இயலவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை.

இருக்கிறது.
அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறது.
எடை ஊரெல்லாம் தேடுகிறது,
தன் வீட்டைத் தவிர.
என் கணினியில் ஓடியதே என்றால்,
அங்கே பழைய கழிவு
பொதுவிடத்தில் இன்னும் படுத்துக் கிடந்தது.
ஒளித்து வைத்தவள் வழி சொல்லவில்லை.

"அக்கா, கத்தரிக்கா கடைத்தெருவுக்கு வந்தாச்சு,
தராசைத்தான் காணோம்!"
கீழே ஹாரனும் சிரிப்பும்.

முழு முகவரி எழுத விரல் போனது.
நாளை வேறு வட்டில் குடியேறினால் அது பொய்.
ஆகவே நிரலின் தலைக்குள் இப்படிப் பொறித்தேன்:
நீ எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து
ஒரு படி மேலே ஏறு,
பக்கத்து அறையைத் திற.
முதலில் அங்கே பார்,
பிறகு ஊரைக் கேள்.
பழைய கழிவை அழித்தேன்,
மறுபடி கட்டினேன்,
இந்த முறை வெறுங்கணினியில் ஓட்டிப் பார்த்தேன்.

ஐந்து பன்னிரண்டுக்குச் சீட்டு கிழிந்தது.
மொத்தம், கழிவு, நிகரம்
இரண்டு எழுத்திலும்.
டிரைவர் அதைக் காதில் செருகிக்கொண்டு போனார்.

மத்தியானம் பிரசீதா கூப்பிட்டாள்.
குரலில் ஈரம் குறைந்திருந்தது.
கொப்பரைக்கென்று ஒன்று கட்டித் தரச் சொன்னாள்.
தருகிறேன், உன் வீட்டுக்குள்ளேயே வைத்துத் தருகிறேன்,
எண்களை மட்டும் நீங்கள் சண்டை போட்டு முடிவெடுங்கள் என்றேன்.
பெயர்?
நீயே வை.
எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம்.