கீழ்த்தளத்தில் நூலகம்

உதேனாவில் எங்கள் பள்ளியின் கூடைப்பந்துக் கூடம்
நூலகத்தின் தலைமேல் இருக்கிறது.
யார் போட்ட வரைபடமோ.
நாங்கள் குதித்தால்
கீழே அகராதிகள் நடுங்கும்.
நூலகர் லைமுதே துடைப்பக்கட்டையால்
கூரையை இடிப்பார்.
டொக். டொக். டொக்.

அக்டோபரில் சுவரோரம் நின்று
விரல்நுனியில் சுண்ணம் தொட்டு எட்டினேன்:
இருநூற்றுப் பதினான்கு.
எம்பித் தொட்டேன்:
இருநூற்று ஐம்பத்திரண்டு.
இரண்டு வெள்ளைத் தடங்களுக்கு நடுவே
முப்பத்தெட்டு சென்டிமீட்டர் காற்று.
நீ இவ்வளவுதான் என்று
குறித்துக்கொண்டாள் ரிமாந்தே.

அட்டவணையில் முதல் மூன்று வாரம்
குதிப்பே கிடையாது.
இறங்கக் கற்றுக்கொள் என்று மட்டும் இருந்தது.
முழங்கால் உயரம்கூட இல்லாத பெட்டி,
அதிலிருந்து ஒரு காலை முன்வைத்து
விழ வேண்டும்,
முட்டிகள் ஒன்றையொன்று முத்தமிடாமல்.
விழுந்தேன்.
டொக்.
மறுபடியும்.
டொக்.
ரிமாந்தே விழுந்தால் கீழிருந்து பேச்சில்லை.
அவள் போன பிறவியில் பூனை.
நான் அலமாரி.

பிறகு இரும்பு.
வெறும் தண்டே இருபது கிலோ.
தோளில் ஏற்றிக் குந்தி எழும்போது
தரையைத் தள்ளுவதாக நினை என்றிருந்தது.
தரையோ லைமுதேயின் கூரை.
ஆகவே வாரத்துக்கு இருமுறை
எட்டெட்டாக
அவரைத்தான் தள்ளினேன்.

டிசம்பரில் முட்டிக்குக் கீழே
ஒரு குமிழ் வலித்தது.
எலும்பு அவசரப்படுகிறது,
தசைநார் பின்தங்கிவிட்டது என்றார் மருத்துவர்.
இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து
ஆரஞ்சு உரித்தேன்.
மற்றவர்கள் உயர்ந்துகொண்டே இருந்தார்கள்.
தோலைச் சுளை சுளையாக
யார்மீதாவது எறியத் தோன்றியது.

ஜனவரியில் மறுபடி பெட்டி.
இம்முறை விழுந்ததும்
சூடான அடுப்பில் கால்பட்டதுபோல்
உடனே மேலே.
அந்த வாரம் முழுக்க
கீழிருந்து ஒரு இடிகூட இல்லை.
வெள்ளிக்கிழமை கேக் வாங்கி வெட்டியே விட்டோம்.
அப்புறம் தெரிந்தது,
லைமுதே விடுப்பில்
கிளைபெடாவுக்குப் போயிருந்தாராம்.

சுவர் விடுப்பில் போகாது.
சுண்ணம் தொட்டு எம்பினேன்:
இருநூற்று ஐம்பத்தெட்டு!
ஆறு! என்று கத்தினேன்.
ரிமாந்தே நாடாவைச் சுருட்டவில்லை.
நின்று எட்டு முதலில் என்றாள்.
இருநூற்றுப் பதினாறு.

ஆறில் இரண்டு
தூங்கும்போது சும்மா வளர்ந்தது.
மிச்சம் நான்குதான் என் சம்பாத்தியம்.
பன்னிரண்டு வாரத்துக்கு
ஒரு தீப்பெட்டி நீளம்கூட இல்லை.
அவள் அதை இரண்டு கோடிட்டு எழுதினாள்.

திங்கட்கிழமை லைமுதே வந்துவிட்டார்,
சன்னலில் விளக்கு தெரிந்தது.
பெட்டியில் ஏறினேன்.
ரிமாந்தே தரையில் படுத்து
காதை ஒட்டிக்கொண்டாள்.

விழுந்தேன், எழுந்தேன், விழுந்தேன்.

என்ன கேட்டது?
யாரோ பக்கம் புரட்டினார்கள் என்றாள்.
நான் நம்பவில்லை.
இன்னொரு முறை ஏறினேன்.